படுத்தவன் பங்கு

1

சென்ற வாரம் எங்கள் பணிமனையில் எல்லோரும் ஒரு விஷயத்துக்காகச் சிரித்தார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

ஆக்லாந்தில் பேருந்து ஓட்டுநர்களுக்கு முறைப்பட்டியல் போடுவது என் வேலை. யார் எந்தத் தடம், யாருக்கு எப்போது ஓய்வு என்பதை எல்லாம் நான் எழுத வேண்டும். காலையில் கைப்பேசியில் ஒற்றை வரி வரும்: உடம்பு சரியில்லை. என்ன உடம்பு என்று நான் கேட்கக் கூடாது. திரையில் அந்தப் பெயரைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, காலியான கட்டத்தில் இன்னொரு பெயரை வைப்பேன். பதினான்கு வருடங்களாகப் பெயர்களை நகர்த்தியிருக்கிறேன். ஒரு பெயர் நகர்ந்தால் எங்கோ ஒருவர் பாதித் தூக்கத்தில் எழுந்து சட்டை மாட்டுகிறார் என்பதை என் விரல் எப்போதோ மறந்துவிட்டது.

சமோவாத் தீவைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் அப்படி ஒரு வரி அனுப்பினார். மறுநாள் அவருடைய படம் கைக்குக் கை மாறியது. நகரத்துக்கு மேற்கே, மலைகளுக்குப் பின்னால், கரிய மணலும் ஆளற்ற அலையுமாக ஒரு முரட்டுக் கடற்கரை இருக்கிறது. அதில் அவர் முழங்கால் நீரில் தூண்டிலோடு நின்றார்.

“காய்ச்சலுக்கு அலை எப்படி இருந்தது?” என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

“வியர்த்துவிட்டது, இறங்கிவிட்டது” என்றார் ஓட்டுநர்.

அறை முழுக்கச் சிரிப்பு. நான் எழுந்தேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இந்த இதழின் வாசகர்களில் சிலருக்கு என் முந்தைய குறிப்பு நினைவிருக்கலாம். ‘யாருமற்ற கரையில் ஒரு பகல்’ என்று தலைப்பு. எண்ணூருக்கு வடக்கே ஆள் போகாத ஒரு கரைக்கு என் பால்ய நண்பனோடு போய்வந்ததை எழுதியிருந்தேன். படமும் கொடுத்திருந்தேன். நன்றாக இருந்ததாகப் பலர் எழுதினீர்கள். அதில் நான் ஒன்றை மறைத்தேன். இன்று அதை எழுதுகிறேன். அந்தக் குறிப்பில் குப்பத்தின் பெயரைச் சொல்லியிருந்தேன். இம்முறை சொல்லப்போவதில்லை. சொல்லிப் பட்டது போதும்.

2

தேசிங்கும் நானும் திருவொற்றியூரில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. என் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அவன் அப்பாவுக்குக் கழி. கழி என்றால் எண்ணூரில் கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி. இன்று அதில் பாதி, அனல்மின் நிலையத்துச் சாம்பல். முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் கணுக்கால், கணுக்கால் இருந்த இடத்தில் சேறு. மீதியில்தான் இறால்.

இறால் வலை போட அங்கே சில இடங்கள்தான் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான். ஆகவே ஊர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்ன நாள் இன்னார் முறை என்று அதில் இருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பட்டியலில் பெயர் இருப்பவன் ஊர்க்காரன். பெயர் இல்லாதவன், வீடு அங்கேயே இருந்தாலும், வாடகைக்குக் குடியிருப்பவனைப்போல.

முறை நாளில் ஒருவன் போகாவிட்டால் அது அடுத்தவனுக்குப் போய்விடும். கேள்வியே இல்லை. உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் மட்டும் வேறு கணக்கு. பட்டியலில் அவனுக்கு அடுத்த மூன்று பேர் அவனுக்காக இறங்க வேண்டும். கிடைத்த அத்தனை இறாலையும் அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்குப் படுத்தவன் பங்கு என்று பெயர். டாக்டர் சீட்டு யாரும் கேட்பதில்லை. முடியவில்லை என்று அவன் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தேசிங்கின் அப்பா மஞ்சள் காமாலையில் விழுந்தார். லீவில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மதியம் மூன்று ஆண்கள் இடுப்புவரை ஈரத்தோடு வந்தார்கள். கூடையை வாசலில் வைத்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் படுத்தவனுக்குக் கூச்சமாக இருக்குமாம். திரும்பிப் போகும்போது அவர்களின் கால்தடங்களில் சாம்பல் நீர் தேங்கி நின்றது.

இருபத்திரண்டு வயதில் அதை வைத்து ஒரு வசன கவிதை எழுதினேன். என் எழுத்து முதன்முதலில் அச்சில் வந்தது அதனால்தான். அதை எழுதிய கைதான் இதைச் செய்தது.

3

போன தையில் அம்மாவின் வருடத் திவசத்துக்காக வந்திருந்தேன். திருவொற்றியூர் வீட்டை விற்றாயிற்று. பத்து நாளும் தேசிங்கின் வீட்டில்தான் தங்கினேன். காணும் பொங்கலன்று கடற்கரை எங்கும் தலை, கரும்புச் சக்கை, பிளாஸ்டிக் ஊதல். இரண்டு நாளில் எனக்கு விமானம். எனக்கு ஒரு கரை வேண்டியிருந்தது. யாருமே இல்லாத ஒரு கரை.

“நாளிக்கு வடக்கால போலாமா? ஆமை ஏறுமே, அந்தக் கரைக்கு” என்றேன்.

“நாளிக்கு என் பாடு மாமு” என்றான் தேசிங்கு. “அப்பால போலாம்.”

“அப்பால எங்க போறது? நாளன்னிக்கு பிளைட்டு.”

அவன் தலையைச் சொறிந்தான். தை மாதம் கழியில் இறால் ஓடும் காலம். இந்த முறை போனால் மறுபடி முறை வர நாள் ஆகும். “சரி, வுட்டுத் தொலைக்கிறேன். அடுத்தவன் போட்டுக்கட்டும். நீ இன்னா தெனம் தெனமா வர” என்றான்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது. அவன் நட்பாகத் தன் முறையை விட்டுக்கொடுத்தான். நான் அதை வாங்கிக்கொண்டு நன்றியோடு இருந்திருக்கலாம்.

“ஏன்டா வுடணும்? ஜொரம்னு சொல்லிடு” என்றேன்.

தேசிங்கு என்னைப் பார்த்தான். “இன்னா மாமு. நீயா சொல்ற?”

“ஒரு நாளுதானே. எங்க ஊர்ல அல்லாரும் சொல்றதுதான்.”

எங்க ஊர். ஆக்லாந்தை அன்றுதான் முதன்முதலாக அப்படிச் சொன்னேன். அவன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அவன் மனைவி செல்வி கதவோரம் நின்றிருந்தாள். “அண்ணே, அது வேற மேரி விசயம்ணே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

விருந்தாளியின் முகம் சுருங்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். முகத்தைச் சுருக்கிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். சிறிது நேரத்தில் தேசிங்கு எழுந்தான். “செல்வி, எனுக்கு ஒடம்பு முடியலன்னு பக்கத்துல சொல்லிட்டு வா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

4

விடியும் முன்பே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனோம். அடுத்த குப்பத்தில் அவன் மைத்துனனின் ஃபைபர் படகு இருந்தது. வடக்கே திருப்பினான். புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இரண்டு துறைமுகங்களின் கல்சுவர்களைச் சுற்றினோம். மலைபோல நின்ற நிலக்கரியைச் சுற்றினோம். அதற்கப்பால் திடீரென்று உலகம் காலியானது.

அந்தக் கரையைப் பற்றி நான் முன்பு எழுதியதில் பொய் எதுவும் இல்லை. சவுக்குத் தோப்பின் இரைச்சல் எது, அலையின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. அடப்பங்கொடியின் ஊதாப் பூக்கள் மணலை இழுத்துப் பிடித்திருந்தன. ராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் ஒன்றையொன்று துரத்தின. கடலிலிருந்து ஏறி மணல்மேடு வரை போய், திரும்பிக் கடலுக்கே இறங்கிய ஒரு ஆமையின் தடம். இத்தனை பெரிய நகரத்தின் தோளில் இப்படி ஒரு துண்டு யாரும் தொடாமல் கிடக்கிறதே என்று வியந்தேன். நான் ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில், சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன்.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். தேசிங்கு ஓடவில்லை. மணலில் குந்தி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்நேரம் வலை எறக்கியிருப்பாங்க” என்றான்.

நான் நண்டுகளைப் படமெடுத்தேன்.

“எனுக்கு அடுத்து ஏகாம்பரம் அண்ணன் பேரு. அவுரு சக்கர வியாதிக்காரரு. தண்ணில நிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க.”

“வேற யாராவது நிப்பாங்கடா.”

“அவுரு வுட மாட்டாரு. தன் மொறைன்னா தான்தான் எறங்கணும்.”

பிறகு அவன் துண்டால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டான். நான் படமெடுத்தேன். ‘கடலின் மடியில் குழந்தையாக உறங்கும் நண்பன்’ என்று பிற்பாடு இதழில் அதன் கீழே எழுதினேன். திரும்பும் வழியில் படகில் கேட்டேன், நல்ல தூக்கமா என்று.

“தூக்கம் எங்க வருது. சொம்மா மூஞ்ச மூடிக்கினேன்” என்றான்.

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் நான் அந்தப் படக்குறிப்பை எழுதினேன்.

5

சாயங்காலம் அவன் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் கூடை. ஈரச் சாக்கு மூடிய கூடை. உள்ளே இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கமாக நுழைந்த தேசிங்கு போர்வையை இழுத்து மூடிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு பாக்கெட் ரொட்டியோடு வந்தார்.

“இன்னா தேசிங்கு, மூஞ்செல்லாம் செவந்து கீது. நல்ல ஜொரம் போலக்கீதே.”

அது வெயில். பகல் முழுக்க வாங்கிய வெயில்.

என்னைப் பார்த்து, “பாரின்லேர்ந்து வந்தும் தோஸ்து பக்கத்துலயே குந்திகினு கீறியே நைனா. இப்டி ஒரு சிநேகிதம் யாருக்குக் கெடைக்கும்” என்றார். போகும்போது வாசலில் நின்று செல்வியிடம் சொன்னார்: “ஏகாம்பரம் கால்ல ஆளிச் சிப்பி ஓடு கீச்சிடுச்சாம். ரத்தம் நிக்கவே இல்லியாம்.”

போர்வை அசையவில்லை.

செல்வி இறாலை உரித்துத் தொக்கு செய்தாள். எனக்குப் போட்டாள். தேசிங்கு சாப்பிடவில்லை. ஜுரக்காரன் எப்படி இறால் தின்பான்? ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டான். செல்வியும் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றாள். கரைக்குப் போன களைப்பில் எனக்கு நல்ல பசி. இரண்டு முறை போட்டுக்கொண்டேன். சட்டியை வழித்தேன். பிறகு, அந்த உப்பங்கழி இறாலின் ருசியைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். அந்தப் பத்தியைத்தான் நீங்கள் அதிகம் பாராட்டினீர்கள்.

6

வெளிநாட்டு மண்ணோ விதையோ உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு படிவம் கேட்கும், காட்டுவெளிக்குப் போனீர்களா என்று. ஆம் என்று போட்டேன். இந்த நாட்டில் மண்ணைப் பற்றிப் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதிகாரி என் செருப்புகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்துக் கழுவித் துடைத்த செருப்புகளை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். ஒரு மணல் பொடிகூட இல்லை. “உண்மையைச் சொன்னதற்கு நன்றி” என்றார்.

7

நான் எழுதுவதை என் வீட்டில் யாரும் படிப்பதில்லை. மனைவிக்கு நேரமில்லை. மகன் கவினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, “அப்பா, அது யார்? அது செத்துப் போச்சா?” என்று கேட்டான். மனிதர்களை அது என்று சொல்லக் கூடாது என்று மட்டும் திருத்தினேன்.

படிக்க ஆளில்லாத வீட்டில் எழுதி எழுதி, எங்குமே யாரும் படிப்பதில்லை என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனாலும் அச்சில் பெயர் வந்ததும் பெருமை விடுவதில்லை. ஒரு பிரதியைத் தேசிங்கின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி ஆசிரியருக்கு நான்தான் எழுதினேன்.

அதைப் பிரித்தவள் நிரோஷா. தேசிங்கின் ஒரே மகள், கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். பொங்கலுக்கு அவள் புளியந்தோப்பில் அத்தை வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஜுரமும் தெரியாது, கூடையும் தெரியாது. அப்பாவின் படம் புத்தகத்தில் வந்திருக்கிறது. அது மட்டும்தான் தெரியும். வலை பின்னும் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தபோது அதை எடுத்துக்கொண்டு போய் நடுவில் நின்று சத்தமாகப் படித்திருக்கிறாள். நல்ல குரல் அவளுக்கு. ‘காணும் பொங்கலுக்கு மறுநாள்’ என்ற முதல் வரியிலேயே ஒருவர் வலையூசியைக் கீழே வைத்தாராம். அவள் நிறுத்தவில்லை. கரை, ஆமைத் தடம், உறங்கும் நண்பன், இறால் தொக்கு என்று கடைசி வரி வரை படித்திருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“மாமா, நான்தான் படிச்சேன் மாமா. எனுக்குத் தெர்யாது. அப்பா எதுவும் சொல்லல, திட்டக்கூட இல்ல. ஊர்க்கூட்டத்துல பேர எடுத்துட்டாங்க. அப்பா இப்ப காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கப் போவுது. நான் படிக்காம இருந்தா ஒண்ணியும் ஆயிருக்காதுல்ல மாமா?”

உடனே தேசிங்கைக் கூப்பிட்டேன். அவன் சிரித்துச் சமாளித்தான். மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஏகாம்பரத்தின் கால் ஆற இரண்டு மாதமாயிற்று. இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்றிருக்கிறார்.

“இன்னா சொன்னாரு?”

“என் காலு ஆறிப்போச்சு, அத்த வுடு. படுத்தவனுக்குன்னு புட்ச்ச எறாலு அது. அத்த யாரு துன்னா, அத்த மட்டும் சொல்லுன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“நான்தான் துன்னேன்னு சொன்னேன்.”

“டேய்.”

“வேற இன்னா சொல்ல சொல்ற?”

“ஜொரம்னு சொல்லச் சொன்னது நான்னு சொன்னியா?”

“கேட்டாங்க. அவன் எங்கியோ பாரின்ல கீறான், அவனுக்குப் பாடு பத்தி இன்னா தெரியும், நானா சொன்ன பொய்யின்னு சொல்லிட்டேன்.”

அவனுக்கு இன்னா தெரியும். என்னைக் காப்பாற்ற அவன் சொன்ன பொய் அது. நான் அந்தக் கழிக்கரையில் வளர்ந்ததை, அந்த வாசலில் அந்தக் கூடையைப் பார்த்ததை, அதை வைத்துக் கவிதை எழுதியதை எல்லாம் ஒரே வாக்கியத்தில் அழித்து, என்னை ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரன் ஆக்கித் தப்பவைத்தான்.

“நான் உண்மைய எழுதறேன்டா. ஆடிக்கு முன்னாடி திரும்பக் கூட்டம் போடுவாங்கதானே. கூட ஒருத்தன் சொல்லித்தான் செஞ்சான்னு தெரிஞ்சா, பேரு திரும்ப வரும்.”

“எழுதாத” என்றான்.

“ஏன்?”

“பொய் சொன்னவனுக்குப் பேரு போவும், சொல்லிக் குட்த்தவன் ஊருக்குள்ளயே கால் வெக்கக் கூடாது. அதான் இங்க சட்டம். எனுக்குப் பேரு போச்சுன்னா இன்னிக்கு இல்லாட்டி நாளிக்கு வரும். உனுக்கு வழி போச்சுன்னா? அம்மா வூட்டையும் வித்துட்ட. நீ வந்தா எறங்கறதுக்கு ஒரு வூடு வோணாமா மாமு?”

அவன் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.

8

மூன்று வாரம் அவன் சொன்னபடியே எழுதாமல் இருந்தேன். அந்த வீடு எனக்கு வேண்டும். இந்த நகரத்தில் கடன் கட்டி வாங்கிய வீடு ஒன்று இருக்கிறது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் செருப்பைக் கழற்றக்கூடிய வாசல் உலகத்தில் அது ஒன்றுதான். அதை இழக்க எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு நண்பனின் பேச்சைக் கேட்கிறேன் என்று பெயர் வைத்திருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பிறகு அந்தச் சமோவாக்காரரின் படம் வந்தது. அவருக்குப் பதிலாக அன்று போனவர் யார் என்று பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது. அவர் அன்று பதின்மூன்று மணி நேரம் ஓட்டியிருக்கிறார். நகர்த்தியவன் நான்.

நிரோஷாவின் குரலையும் திரும்பக் கேட்டேன். தான் படித்ததால்தான் எல்லாம் போயிற்று என்று ஒரு பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இனி அவள் எதையும் சத்தமாகப் படிக்க மாட்டாள். நான் எழுதுவதை இந்த உலகத்தில் வாய்விட்டுப் படித்த ஒரே குரல் அது.

நிரோஷா, இந்த இதழ் உன் வீட்டுக்கு வரும். அப்பா ஒளித்துவைக்கப் பார்ப்பார், கொடுக்காதே. கூட்டத்துக்கு முன்பு ஒரு நாள், ஆண்கள் வலை பின்னும் நேரத்தில், அதே கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போ. அன்று நின்ற அதே இடத்தில் நின்றுகொள். நீ செய்ததில் தவறு எதுவும் இல்லை. படிப்பவளின் மேல் குற்றம் வராது, எழுதியவனின் மேல்தான் வரும். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. கரை, பூ, ஆமைத் தடம் எல்லாம் அவர்களுக்கு வேண்டாம். இங்கிருந்து படி, சத்தமாக:

ஏகாம்பரம் அண்ணே, பாடு பற்றி எனக்குத் தெரியும். படுத்தவன் பங்கு என்றால் என்னவென்று பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். தேசிங்கு தன் முறையை விட்டுக்கொடுக்கத்தான் இருந்தான். ஜுரம் என்று சொல்லச் சொன்னது நான். அவனும் செல்வியும் அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. உங்கள் காலில் ரத்தம் நிற்கவில்லை என்று கேட்ட பிறகும், இரண்டு முறை போட்டுக்கொண்டு, அந்த இறாலைத் தின்றவன் நான்.